முதல் சம்பளச் சீட்டு: நான்கு பிடித்தம், நான்கு கணக்கு

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 30,000. வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததோ 24,429. ஜனவரி முதல் தேதி சென்னையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் முதல் சீட்டில் இது சர்வசாதாரணமான கணக்கு. மீதி 5,571 ரூபாயை "டாக்ஸ் போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அதில் ஒரு ரூபாய்கூட வருமான வரி கிடையாது.

அந்த 5,571-இல் 2,521 ரூபாய் சம்பளச் சீட்டுக்குள்ளேயே வரவில்லை. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000, வீட்டு வாடகைப் படி 7,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,979 ஆகிய மூன்றும் சேர்ந்த 27,479 மட்டும்தான் மொத்தச் சம்பளம், அதாவது கிராஸ். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,800 ரூபாயும், கிராஜுவிட்டிக்கென (பணிக்கொடை) ஒதுக்கும் 721 ரூபாயும் சி.டி.சி.யில் ஏறும், கைக்கு வராது. கிராஜுவிட்டிக் கணக்கு எளிது: பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு உரியது, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இந்த 721. நிரந்தரப் பணியில் இருப்பவர் ஐந்து ஆண்டு முடிக்காமல் விலகினால் பொதுவாக அது கிடைக்காது. எனவே இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது சி.டி.சி.யைப் பார்க்காமல் கிராஸைக் கேட்டு ஒப்பிடுவதுதான் சரி.

கிராஸிலிருந்து போனது 3,050. பணியாளர் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி 1,250.

சீட்டின் வலது பக்கத்தில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே ஜாதி என்று தோன்றும். அப்படி இல்லை. பி.எஃப். பேசிக்கையும் அகவிலைப்படியையும் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. கிட்டத்தட்ட முழுச் சம்பளத்தையும் பார்க்கிறது. தொழில் வரிக்கு அரையாண்டுச் சம்பளம் அடிப்படை, வருமான வரிக்கு முழு நிதியாண்டு. ஒரே சம்பளத்தின் மேல் நான்கு வெவ்வேறு அளவுகோல். போய்ச் சேரும் இடமும் நான்கு. சீட்டில் புரியாத பாதி விஷயம் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடும்.

பி.எஃப்.: பிடித்தம்தான், ஆனால் உங்கள் பணம்

இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாயம். பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பணியாளர் 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம். சட்டப்படியான உச்சவரம்பு 15,000 ரூபாய்; 2014 செப்டம்பர் 1 முதல் இதுதான் கணக்கு. 15,000-இல் 12 சதவீதம் 1,800. பெரும்பாலான சீட்டுகளில் இந்த எண்ணையே பார்ப்பதற்குக் காரணம் அதுதான். பேசிக் 25,000 இருந்தாலும் 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. முழு பேசிக்குக்கும் 12 சதவீதம், அதாவது 3,000 பிடிப்பவையும் உண்டு. இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டதே. இரண்டாவது வகையில் கைக்கு வருவது குறையும், சேமிப்பு கூடும்.

உங்கள் 1,800 அப்படியே பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிறுவனத்தின் 1,800 மட்டும் இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி 550 பி.எஃப். கணக்குக்கு. பாஸ்புக்கைத் திறந்தால் 1,800, 550, 1,250 என்று மூன்று பத்தி தெரியும். வட்டி முதல் இரண்டு பத்திக்கு மட்டும்தான், 2024-25-க்கு 8.25 சதவீதம். ஓய்வூதியப் பத்திக்கு வட்டி ஏறவில்லையே என்று புகார் எழுதத் தேவையில்லை. அது பத்தாண்டு பணிக்குப் பிறகு பென்ஷனாக மாறும் கணக்கு. சூத்திரமும் எளிது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 வரம்பில் 35 ஆண்டு வேலை பார்த்தவருக்கு மாதம் 7,500. பெரிய தொகை அல்ல. அதை நம்பி மட்டும் ஓய்வைத் திட்டமிட முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. முதன்முறையாக பி.எஃப்.பில் சேரும்போதே பேசிக் 15,000-ஐத் தாண்டியிருந்தால், 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்தவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். பத்திக்கே போக வேண்டும். ஆனால் சம்பளப் பிரிவு பழைய வழக்கப்படி 1,250-ஐ ஓய்வூதியப் பத்திக்கு அனுப்பிவிடும். பல ஆண்டு கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது இது முட்டுக்கட்டையாக நிற்கும். முதல் மாத பாஸ்புக்கிலேயே பார்த்துத் திருத்தச் சொல்வது ஒரு மின்னஞ்சல் வேலை. எட்டு ஆண்டு கழித்து என்றால் பெரிய அலைச்சல்.

இன்னொரு சந்தேகம் வரவேண்டிய இடம்: வலது பக்கத்தில் 1,800-க்குப் பதில் 3,600 பிடித்திருந்தால், இடது பக்க வருமானப் பட்டியலில் 'நிறுவனப் பங்கு' என்று 1,800 ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் காட்டும் விதம் வேறு, அவ்வளவே. ஏற்றாமல் கிராஸிலிருந்து இரண்டு பங்கையும் கழித்திருந்தால் அது சட்டமீறல். நிறுவனத்தின் பங்கைப் பணியாளர் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது.

பேசிக்கைச் சுருக்கி அலவன்ஸை ஊதிப் பி.எஃப்.பைக் குறைக்கும் பழைய வித்தைக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரேபோல் கொடுக்கும் அலவன்ஸையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் வரையறைப்படி, அலவன்ஸ் வகைகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். கிராஸ் 20,000, பேசிக் 6,000 என்று வைத்து 720 ரூபாய் பிடித்துவந்த இடத்தில், இந்த வரையறைப்படி கணக்கு 10,000-க்கு, பிடித்தம் 1,200. கைக்கு வருவது 480 குறைகிறது என்பது உண்மை. நிறுவனம் கட்டுவதும் 480 கூடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏற்கெனவே 1,800 வரம்பில் இருப்பவருக்குப் பி.எஃப்.பில் மாற்றமில்லை.

சீட்டில் எங்குமே தெரியாத ஒன்றையும் சொல்லிவிடலாம். பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தனியாக 0.5 சதவீதம் கட்டுகிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கிடைப்பது இதன்மூலம்தான். அதற்காகத்தான் ஆன்லைனில் நாமினியைப் பதியச் சொல்கிறார்கள். 22 வயதில் யாருக்கும் தோன்றாத வேலை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பழைய யு.ஏ.என்., இனிஷியல், 15,000 ரூபாய்

வேலைக்குச் சேரும்போது நீட்டப்படும் ஃபார்ம் 11-இல் "இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லை என்று டிக் அடிக்குமுன் யோசிக்க வேண்டும். கல்லூரி விடுமுறையில் ஏதோ ஒரு ஒப்பந்ததாரரிடம் மூன்று மாதம் வேலை பார்த்திருந்தால், அப்போதே உங்கள் ஆதாரில் யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். உறுப்பினர் எண் உருவாகியிருக்கலாம். இப்போது இன்னொன்றை உருவாக்கப் போனால் கணக்கு சிக்கும். பழைய எண்ணையே கொடுத்துத் தொடர வேண்டும்.

பெயர்ச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. ஆதாரில் 'கே. செல்வி', பானில் அப்பா பெயரோடு 'செல்வி கருப்பையா', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி கே'. மனிதருக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு மூன்று ஆள். கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) நிராகரிக்கப்படும் காரணங்களில் இதுவே முன்னால் நிற்கும். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இசைவாக மாற்றுவதே சுருக்கமான வழி. பி.எஃப்.பும் வருமான வரித் துறையும் கடைசியில் ஆதாரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

இதில் அசட்டையாக இருந்தால் நேரடி நஷ்டமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதன்முறையாக பி.எஃப்.பில் பதியப்படுபவர்களுக்கு, மாதச் சம்பளம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு ஒரு மாத பி.எஃப். ஊதியத்தை, அதிகபட்சம் 15,000 ரூபாயை, இரண்டு தவணையாகத் தருகிறது. முதல் தவணை ஆறு மாதம் வேலையில் நீடித்த பிறகு. இரண்டாவது பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு, ஆன்லைன் நிதிக் கல்விப் பாடத்தையும் முடித்தால். பிரதான் மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்பது இதன் பெயர். பணம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே வரும். "பி.எஃப். வேண்டாம், முழுசா கையில கொடுங்க" என்று கேட்டு வாங்குபவர் இழப்பதில் இதுவும் ஒன்று.

இ.எஸ்.ஐ.: 21,000 என்ற கோடு

மேலே பார்த்த சீட்டில் இ.எஸ்.ஐ. இல்லை, கிராஸ் 21,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரகடத்திலோ திருப்பூரிலோ 18,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர் சீட்டில் அது கட்டாயம் இருக்கும். பேசிக்கும் அகவிலைப்படியும் 12,000, மற்றவை 6,000 என்று வைத்துக்கொண்டால், பி.எஃப். 1,440. இ.எஸ்.ஐ. மொத்த 18,000-க்கும் 0.75 சதவீதம், 135 ரூபாய். நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம், 585. இந்த விகிதம் 2019 ஜூலையிலிருந்து இருப்பது. பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவார்கள்.

135 ரூபாய்க்கு வேறெங்கும் இப்படி ஒரு காப்பீடு கிடைக்காது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பணியாளருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் சிகிச்சை. உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுத்தால், தகுதி நாட்கள் நிறைந்திருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். பேறுகால விடுப்புக்கு 26 வாரம் முழுச் சம்பளம். கே.கே. நகரிலும் கோவை சிங்காநல்லூரிலும் மருத்துவக் கல்லூரியோடு கூடிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. கூட்டமும் காத்திருப்பும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய அறுவைச் சிகிச்சை என்று வரும்போது இந்த அட்டையின் அருமை தெரியும்.

குழப்பம் வருவது சம்பளம் உயரும்போது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இ.எஸ்.ஐ.க்கு இரண்டு பங்களிப்புக் காலம். ஜூன் மாதம் சம்பளம் 22,000 ஆனாலும் செப்டம்பர் வரை பிடித்தம் தொடரும், அதுவும் 22,000-க்கே. அக்டோபரில்தான் நிற்கும். ஓவர்டைம் விஷயமும் விசித்திரமானது: 21,000 வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்க மாட்டார்கள், 0.75 சதவீதம் கணக்கிடும்போது சேர்ப்பார்கள். மாதாமாதம் இ.எஸ்.ஐ. தொகை மாறுவதற்கு அது காரணம்.

அப்ரன்டீஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியில் இருப்பவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பொருந்தாது, வருவது உதவித்தொகை. ஆனால் சீட்டில் 'டிரெய்னி' என்று போட்டிருப்பதாலேயே ஒருவர் அப்ரன்டீஸ் ஆகிவிட மாட்டார். அந்தச் சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் டிரெய்னி என்ற பெயரில் முழு ஷிப்ட் வேலை வாங்கிக்கொண்டு எதையும் பிடிக்கவில்லை என்றால், பிடித்தம் இல்லாததுதான் பிரச்சினை.

தொழில் வரி

தமிழ்நாட்டில் இதை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. பெங்களூரில் நண்பனுக்கு மாதம் 200 பிடிப்பார்கள். இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை மொத்தமாக. அதனால்தான் ஆகஸ்ட், செப்டம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் திடீரென்று 1,250 குறைகிறது. சில நிறுவனங்கள் ஆறாகப் பிரித்து மாதம் 208, 209 என்று எடுக்கும். சென்னை மாநகராட்சியில் அரையாண்டுச் சம்பளம் 21,000 வரை வரி இல்லை, 75,000-ஐத் தாண்டினால் 1,250. மாதம் 12,500-க்கு மேல் வாங்கும் எல்லோருமே உச்சப் படியில் இருக்கிறார்கள் என்று பொருள். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவு போட்ட வரம்பு.

அரையாண்டின் கடைசியில் சேர்ந்தவர் இதைக் கவனிக்கலாம். நம் உதாரணத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று சம்பளம், 82,437. எனவே 1,250 சரி. அவரே பிப்ரவரியில் சேர்ந்திருந்தால் 54,958. கீழ்ப் படியில் குறைந்த வரி. மென்பொருளில் எல்லோருக்கும் 1,250 என்று போட்டு வைத்திருந்தால் கேட்டுத் திருத்தலாம். டிசம்பர் சீட்டில் மட்டும் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சிறு தொகை இருக்கும். அது வேறு.

டி.டி.எஸ்.: முதல் மாதத்தை நம்பாதீர்கள்

டி.டி.எஸ். என்பது சம்பளம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி. நிறுவனம் அதை மாதக் கணக்கில் போடுவதில்லை. மார்ச் 31 வரை உங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறது என்று கணித்து, அதற்கான ஆண்டு வரியை மீதி மாதங்களுக்குப் பிரிக்கிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, இப்படி 24 லட்சத்துக்கு மேல் 30 வரை ஏறும். நிலைக் கழிவு 75,000. அதைக் கழித்த பின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யம். சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12,75,000 வரை வரி வராது என்று சொல்வது இதை வைத்துத்தான்.

மாதம் 1,20,000 சம்பளத்தில் அக்டோபரில் சேர்ந்த ஐ.டி. ஊழியரை எடுத்துக்கொள்வோம். மார்ச் வரை 7,20,000, வரி இல்லை. ஆறு மாதம் முழுச் சம்பளம் கைக்கு வரும். அதை நம்பி பைக், போன், வாடகை என்று இ.எம்.ஐ. போட்டுவிட்டால் ஏப்ரலில் கணக்கு மாறும். இப்போது ஆண்டு வருமானம் 14,40,000. கழிவு போக 13,65,000. இதே விகிதத்தில் வரி 84,750, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 88,140. மாதம் 7,345 பிடித்தம்.

மாறாக, 12,75,000-க்கு வெகுவாகக் கீழே இருந்தும் டி.டி.எஸ். பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்த வரி முறை தேர்வாகியிருக்கிறது என்பதை. ஆண்டுக்கு 7,20,000 வாங்குபவர் சேரும் நாளில் போர்ட்டலில் தெரியாமல் பழைய முறையை டிக் அடித்துவிட்டார். நிலைக் கழிவு 50,000, பி.எஃப். 21,600, தொழில் வரி 2,500 மட்டும் கழித்தால், வரியும் செஸ்ஸும் 43,347. மாதம் சுமார் 3,600. புதிய முறையில் பூஜ்யம். இப்படிப் பிடிபட்டாலும் பணம் மூழ்கிவிடவில்லை. நிறுவனத்திடம் சொன்ன தேர்வு இறுதியானதல்ல. சம்பள வருமானம் உள்ளவர் உரிய தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொண்டு திரும்பப் பெறலாம்.

பான் எண் கொடுக்காமல் இருப்பதும், ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருப்பதும் 20 சதவீதப் பிடித்தத்தில் கொண்டுபோய் விடலாம். ஆண்டின் நடுவில் வேலை மாறினால் பழைய நிறுவனத்தின் சம்பளத்தை ஃபார்ம் 12பி-யில் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் இரண்டு பக்கமும் நிலைக் கழிவும் தள்ளுபடியும் கொடுத்துவிடும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாக வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். "வரி மிச்சமாகும்" என்று மார்ச்சில் பாலிசி விற்க வருபவரிடம் நீங்கள் புதிய முறையில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அதில் பாலிசி பிரீமியத்துக்கான 80சி கழிவே இல்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் இந்தப் பிரிவு எண்களும் படிவ எண்களும் அதில் வேறு, கணக்கிடும் முறை அதேதான்.

சீட்டில் இருந்தால் போதுமா?

சீட்டு என்பது நிறுவனம் தானே எழுதித் தரும் காகிதம். பிடித்ததாக அதில் போட்டிருக்கலாம், கட்டாமலும் இருக்கலாம். பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள், டி.டி.எஸ். 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். எனவே ஜனவரிச் சம்பளத்தின் பி.எஃப்.பை பிப்ரவரிக் கடைசியில் பாஸ்புக்கிலோ உமங் செயலியிலோ பாருங்கள். பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் கடைசிப் பங்களிப்பு குறுஞ்செய்தியாக வரும். டி.டி.எஸ். காலாண்டுக்கு ஒருமுறைதான் 26ஏ.எஸ். என்ற வருமான வரிக் கணக்கு அறிக்கையில் ஏறும், ஜனவரி–மார்ச் பிடித்தம் மே மாதக் கடைசி வரை தெரியாமல் இருந்தால் பதற வேண்டாம். தொழில் வரிக்குத் தனிநபர் பாஸ்புக் கிடையாது, நிறுவனத்தின் பெயரில்தான் ரசீது.

முதல் மாதச் சீட்டில் எண்கள் கோணலாக இருப்பதற்கு இன்னொரு காரணம் தேதி. 16-ஆம் தேதி சேர்ந்தவருக்குப் பாதி பேசிக், எனவே பி.எஃப். 900. சம்பளப் பட்டியல் மூடிய பிறகு சேர்ந்திருந்தால் அந்த நாட்களுக்கான சம்பளம் அரியராக அடுத்த மாதம் வரும், அப்போது பி.எஃப். 2,700 என்று தெரியும். கேன்டீன், பஸ், அப்பா அம்மாவுக்கான மருத்துவக் காப்பீடு போன்றவை நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே பிடிக்க வேண்டியவை. ஒப்புக்கொண்ட நினைவில்லை என்றால் எந்தக் கையெழுத்தை வைத்துப் பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு மாதம் தொடர்ந்து பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்றால் முதலில் ஹெச்.ஆருக்கு எழுத்தில், சீட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். யு.ஏ.என். தவறாக இணைந்திருப்பது, கே.ஒய்.சி. நிலுவை என்று பாதி கேஸ்கள் அங்கேயே தீரும். தீராவிட்டால் பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்புத் தளத்தில் பதியலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற பெயரில் முகாம் நடக்கிறது, நேரில் போகலாம். 27 விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில். போகும்போது சீட்டின் பி.டி.எஃப்.பும் சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கட்டும். வேலையை விட்டதும் அலுவலக மின்னஞ்சல் மூடப்படும், சீட்டுகளும் அதோடு போய்விடும். எனவே ஒவ்வொரு மாதமும் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.